பயப்பட வேண்டியது பவுடருக்கு அல்ல

தலைப்பைப் பார்த்து முகப்பவுடர் பற்றிய பதிவு என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இது மலச்சிக்கல் பற்றியது. அதுவும் குழந்தைகளுக்கு வரும் மலச்சிக்கல். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை வைத்துவிட்டு வந்தாலும் சரி, அப்படியே படித்தாலும் சரி. இதைப் பேசக் கூச்சப்படுவதுதான் பாதி வியாதி என்பது என் கட்சி. வயதான அப்பாவின் மலச்சிக்கலை வைத்து 2015-ல் 'பீக்கு' என்று அமிதாப் பச்சன் நடித்து ஓர் இந்திப் படமே வந்தது. எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பார்த்தோம். அதே தொல்லை நாலு வயதுப் பிள்ளைக்கு வந்தால் மட்டும் வீட்டில் சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். சித்தூர்க்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பி.ஃபார்ம் படித்தது திருப்பதியில். இருபது வருடத்துக்கு மேலாக நியூ ஜெர்சியில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். நம்மவர்கள் நிறைய வருகிற கடை. சளி, சர்க்கரை, முட்டிவலி என்று எல்லாவற்றுக்கும் உரக்கச் சந்தேகம் கேட்பவர்கள், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பின்னால் ஆள் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கவுண்டர்மேல் சாய்ந்து தமிழில் கிசுகிசுப்பார்கள். கேள்விகள் மூன்றுதான்.

"இந்தப் பவுடர் பழகிப் போயிடுமாமே?"

"நரம்பைப் பாதிக்குமாமே, இன்டர்நெட்ல போட்டிருக்கே?"

"ஊர்ல எங்கம்மா நிறுத்தச் சொல்றாங்க. வாரத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய் குடுத்தாப் போதுமாம்."

பவுடர் என்று இவர்கள் சொல்வது பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350. அமெரிக்காவில் மிராலாக்ஸ் என்ற பெயரில் பிரபலம். கேள்வி கேட்பதில் தப்பே இல்லை. என் சண்டை அதற்கு அப்புறம் நடப்பதோடு. பதிலுக்குக் காத்திராமல் மருந்தை நிறுத்துகிறார்கள். நிறுத்திய பத்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. உடனே "சோம்பேறி, வேணும்னே அடக்கறான்" என்று பிள்ளையைத் திட்டுகிறார்கள். பயப்பட வேண்டியவை இந்த இரண்டும்தான்: பாதியில் நிறுத்துவதும், திட்டுவதும். இவற்றைத் தைரியமாகச் செய்துவிட்டுப் பவுடருக்குப் பயப்படுகிறோம்.

நரம்புக் கதை

நரம்பு என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்களுக்கு ஒரு நடுக்கம். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம். ஏனென்றால் இதில் நிஜமாகவே ஒரு நரம்புக் கதை இருக்கிறது. இன்டர்நெட்டில் போட்டிருப்பது அது இல்லை.

1899-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை எல்லாம் துண்டித்துவிட்டுப் பார்த்தார்கள். குடல் பாட்டுக்கு உள்ளே இருப்பதைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. மூளையின் உத்தரவு அதற்குத் தேவைப்படவில்லை. காரணம், குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. பத்து கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள். கெர்ஷன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1998-ல் எழுதிய புத்தகத்துக்கு 'இரண்டாவது மூளை' என்றே பெயர் வைத்தார். மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் நம் உடம்பில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது குடலில். மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் கீழிருந்து மேலே செய்தி கொண்டு போகிறவை. மூளை வயிற்றுக்குச் சொல்வதைவிட வயிறு மூளைக்குச் சொல்வது அதிகம்.

இவ்வளவு சுயாட்சி உள்ள குடலில் ஒரே ஒரு இடம் மட்டும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. கடைசிக் கதவு. ஆசனவாயின் வெளிச்சுருக்குத் தசை. உள்சுருக்குத் தசை தானாகவே திறந்துகொள்ளும். வெளியே இருப்பதை 'இப்போது வேண்டாம்' என்று இறுக்கிப் பிடிக்க முடியும். பெரியவர்கள் பஸ்ஸில் போகும்போது செய்வது இதைத்தான்.

இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒருநாள் கெட்டியாகப் போகிறது. வலிக்கிறது. அந்த வயதில் அதற்குத் தெரிந்த தற்காப்பு ஒன்றே ஒன்று: அடுத்த முறை கதவைத் திறக்காமல் இருப்பது. அடக்க அடக்க, பெருங்குடல் தன் வேலையைச் செய்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மலம் இன்னும் கெட்டியாகிறது. அடுத்த முறை இன்னும் வலி. அதனால் இன்னும் அடக்கல். இந்தச் சுழலுக்குள் போன பிள்ளை சோபாவுக்குப் பின்னால் போய் நிற்கும். நுனிக்காலில் எக்கும். காலைப் பின்னிக்கொள்ளும். முகம் சிவக்கும். "முக்கறான், வரமாட்டேங்குது" என்று பெற்றோர் நினைப்பார்கள். அது முக்குவது இல்லை. முழு பலத்தையும் கொடுத்து அடக்குவது.

மாதக்கணக்கில் இப்படிப் போனால் மலக்குடல் விரிந்துவிடுகிறது. விரிந்த பலூனில் கொஞ்சம் காற்று கூடினால் தெரியுமா? அதேபோல் நிறைந்திருக்கிறது என்ற செய்தியே சரியாக மூளைக்குப் போவதில்லை. பிறகு கட்டியாக அடைத்திருப்பதன் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையில் படிகிறது. பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. வீட்டில் இரண்டு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. ஒன்று, "ஆறு வயசாகுது, அசிங்கமா இல்லை?" இன்னொன்று, "லூஸ் மோஷன் ஆயிடுச்சு, பவுடரை நிறுத்து." முதல் தீர்ப்பு அநியாயம். இரண்டாவது ஆபத்து. அடைப்பின் அடையாளத்தைப் பேதி என்று நினைத்து அடைப்புக்கான மருந்தை நிறுத்துகிறோம்.

குடல் நோய்களை வகைப்படுத்தும் ரோம் குழு 2016-ல் வெளியிட்ட நான்காம் பதிப்பில் இந்த மாதிரிக் கோளாறுகளுக்குக் குடல்–மூளை ஊடாட்டக் கோளாறுகள் என்றே பெயர் கொடுத்தது. பயமும் அவமானமும் அந்தக் கடைசிக் கதவை இறுக்குகின்றன என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இலங்கையில் ராஜிந்திரஜித்தும் தேவநாராயணவும் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், பத்து முதல் பதினாறு வயதுக்காரர்களில் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் மலச்சிக்கல். போர் பாதித்த பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடம் அது மேலும் அதிகம். குண்டுச் சத்தம் குடலுக்கும் கேட்டிருக்கிறது. நம் வீட்டில் குண்டு விழவில்லைதான். ஆனால் தினமும் காலையில் பாத்ரூம் வாசலில் நின்று கத்தினால் அதுவும் அந்தக் கதவை இறுக்கத்தான் செய்யும்.

பவுடர்மேல் என்ன பயம்?

பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. கிளைக்கால் என்ற சொல்லைக் கேட்டு நம்மவர்கள் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022-ல் காம்பியா நாட்டில் இந்திய இருமல் சிரப் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கண்டுபிடித்தது. சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம்.

ஆனால் டைஎத்திலீன் கிளைக்கால் வேறு, பாலிஎத்திலீன் கிளைக்கால் வேறு. முன்னதன் மூலக்கூறு எடை 106. பின்னதன் சராசரி எடை 3350. அந்த எண்தான் டப்பாவில் இருப்பது. முன்னது சிறியது, ரத்தத்தில் கலக்கும். பின்னது பெரியது, குடலில் அநேகமாக உறிஞ்சப்படாமல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு அப்படியே வெளியேறும். பெயரில் பாதி ஒன்று என்பதற்காகப் பொருளும் ஒன்றாகாது. உப்பில் குளோரின் இருக்கிறது என்பதற்காக ரசத்தில் விஷவாயு கலக்கிறோம் என்று சொல்வோமா?

இன்டர்நெட்டில் சுற்றும் கதைக்கும் ஒரு வேர் உண்டு. 2008-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எட்டுத் தொகுதி மிராலாக்ஸைச் சோதித்தபோது அவற்றில் மிகச் சிறிய அளவில் அந்தச் சின்னக் கிளைக்கால்கள் கலந்திருந்தன. சில பெற்றோர், பவுடர் கொடுத்த பிறகு பிள்ளைக்குக் கோபமும் பதற்றமும் வந்தன என்று புகார் சொன்னார்கள். 2012-ல் ஒரு நுகர்வோர் அமைப்பு மனு கொடுத்தது. 2014-ல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையிடம் ஆய்வுக்கு எஃப்.டி.ஏ. பணம் கொடுத்தது. 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்ததும் எங்கள் கவுண்டரில் கூட்டம்.

அதன் பிறகு நடந்தது அவ்வளவு பரபரப்பாக இல்லாததால் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. ஓஹாயோவைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர்கள் தினமும் இந்தப் பவுடர் எடுக்கும் பிள்ளைகளின் ரத்தத்தையும் எடுக்காத பிள்ளைகளின் ரத்தத்தையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். சின்ன ஆய்வுதான். மருந்து எடுத்த கொஞ்ச நேரத்துக்கு அளவு லேசாக ஏறினாலும் விஷ அளவுக்கு வெகு கீழே. நிலையாக ஏறி நிற்கவில்லை. பவுடர்தான் மனநிலைக் கோளாறுக்குக் காரணம் என்று எஃப்.டி.ஏ. முடிவு கட்டவும் இல்லை, மருந்தைத் தடை செய்யவும் இல்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வயிறு அடைத்து, பசி மந்தித்து, தினமும் திட்டு வாங்குகிற பிள்ளை எரிந்து விழாமல் கொஞ்சிக் குலாவுமா? எது முந்தி வந்தது என்று பார்க்காமல் டப்பாவின்மேல் பழி போடுகிறோம்.

"டப்பாவிலேயே பதினேழு வயதுக்கு மேல், ஏழு நாளுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறதே?" நியாயமான கேள்வி. 1999-ல் சீட்டு மருந்தாக அனுமதிக்கப்பட்டு, 2006-ல் கடையில் நேரடியாக விற்க அனுமதி கிடைத்தபோது எழுதிய வாசகம் அது. டாக்டரைப் பார்க்காமல் தானே வாங்கிச் சாப்பிடும் பெரியவர்களுக்கானது. எட்டாம் நாள் மருந்து விஷமாகிவிடும் என்று அர்த்தமில்லை. ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டரைப் பார் என்று அர்த்தம். குழந்தைக்கு டாக்டர் பார்த்து, எடைக்கு ஏற்ற அளவு எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் இதே வகை மருந்து குழந்தைகளுக்கென்றே உரிமம் பெற்று விற்கிறது. அதற்காக டாக்டரைக் கேட்காமல் வாங்கிக் கலக்கிக் கொடுக்கவும் நான் சொல்லவில்லை.

பழகிப் போகுமா? மருந்தை நிறுத்தியதும் தொல்லை திரும்பி வருவதைப் பார்த்துத்தான் "பழகிப் போச்சு" என்கிறார்கள். காலில் கட்டு போட்டு நாலாம் நாள் பிரித்துவிட்டு, எலும்பு கட்டுக்குப் பழகிவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது. விரிந்த மலக்குடல் சுருங்கிப் பழைய உணர்வு திரும்பவும், 'போனால் வலிக்காது' என்று பிள்ளையின் மூளை நம்பவும் மாதங்கள் பிடிக்கும். அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் சங்கங்கள் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது: பராமரிப்பு மருந்து குறைந்தது இரண்டு மாதம். எல்லாத் தொல்லையும் நின்று ஒரு மாதமாவது ஆன பிறகுதான் நிறுத்துவதைப் பற்றிப் பேச்சு. அப்போதும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொண்டிருக்கும் வயதென்றால் அது முடியும்வரை நிறுத்தக் கூடாது. அதே ஆவணத்தில் இன்னொரு கணக்கு: ஆரம்பத்திலேயே சரியாகச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் மருந்தில்லாமல் நலம். தாமதித்தவர்களில் 32 சதவீதம். பவுடரைத் தள்ளிப்போடுவதன் விலை இந்த 80-க்கும் 32-க்கும் நடுவில் இருக்கிறது.

ஊரிலிருந்து வரும் போன்

இப்போது மூன்றாவது கேள்வி. எங்கள் ஊரில் பாட்டியை ஆயா என்போம், தெலுங்குக்காரர்கள் அவ்வா. நாங்கள் விளக்கெண்ணெய் என்றால் பக்கத்து வீட்டில் ஆமுதம். மொழி எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான். மரமே இல்லாத இடத்தில் ஆமணக்குச் செடிதான் மகா விருட்சம் என்று தெலுங்கில் ஒரு பழமொழி உண்டு. வேறு மருந்து இல்லாத காலத்தில் அது மகா விருட்சமாக இருந்தது. ஆயாமார்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். விளக்கெண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்று 2012-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தூண்டித் தசையை இறுக்குகிறது. கருப்பையிலும் அதே ஏற்பிதான். அதாவது பிடித்து உலுக்குகிற மருந்து. பவுடர் தசையையும் தொடுவதில்லை, நரம்பையும் தொடுவதில்லை. நரம்புக்குப் பயந்து பவுடரை வைத்துவிட்டு விளக்கெண்ணெயை எடுப்பதை என்னவென்று சொல்ல?

"அப்போ மூலிகை டீ?" அமெரிக்கக் கடைகளில் இயற்கை என்று பச்சை டப்பாவில் விற்பதைப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் சென்னா. நம் நிலவாகை. உலகச் சந்தையில் அதன் பெயரே டின்னவெல்லி சென்னா, நம் திருநெல்வேலிச் சீமையின் பயிர். அதுவும் குடலைத் தூண்டும் மருந்துதான். டாக்டர்கள் தேவைப்படும்போது இரண்டாம் கட்டமாகக் கொடுப்பதும் உண்டு. அது குடல் நரம்பைக் கெடுக்கும் என்ற பழைய பயத்துக்குக்கூட வலுவான ஆதாரமில்லை என்று 2005-ல் முல்லர்-லிஸ்னரும் சக மருத்துவர்களும் மலச்சிக்கல் பற்றிய மூடநம்பிக்கைகளைத் தொகுத்த கட்டுரையில் எழுதினார்கள். நான் சொல்வது, இலை என்பதால் சாது, பவுடர் என்பதால் பூதம் என்ற கணக்கு தப்பு.

கைக்குழந்தைக்கு வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. சோப்புத் துண்டும் உண்டு. சில மாதக் குழந்தை பத்து நிமிஷம் முகம் சிவக்க அழுது முக்கிவிட்டு இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கலே இல்லை. தளர்த்தவும் தள்ளவும் ஒரே நேரத்தில் இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். தானாகக் கற்றுக்கொள்ளும். காம்பு வைத்துப் பழக்கினால் அதற்காகக் காத்திருக்கும். பழகிப் போவது என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"பழமும் கீரையும் கொடுத்தால் போதாதா?" கொடுங்கள், நல்லது. ஆனால் ஏற்கெனவே அடைத்துவிட்ட பிள்ளைக்குச் சாப்பாட்டை மட்டும் மாற்றி வைத்தியம் பார்க்காதீர்கள் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2010-லேயே எழுதிவிட்டது. பாலைக் கொஞ்சம் கவனியுங்கள். பால் வளத்துக்குப் பேர்போன சித்தூரிலிருந்து வந்து இதைச் சொல்கிறேன்! பிள்ளை சாப்பிடவில்லை என்று நாளெல்லாம் பால் பாட்டிலைக் கையில் கொடுத்தால் வேறெதுவும் உள்ளே போகாது. சில பிள்ளைகளுக்குப் பசும்பால் புரதமே காரணம். 1998-ல் இத்தாலியில், எதற்கும் அசையாத மலச்சிக்கல் இருந்த 65 குழந்தைகளுக்குப் பசும்பாலுக்குப் பதில் சோயாப்பால் கொடுத்தபோது 44 பேருக்குக் குணம் தெரிந்தது. ஆகவே மருந்துக்கும் மசியாவிட்டால் சில வாரம் பாலை நிறுத்திப் பார்ப்பது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மொட்டையும் வரிசையும்

இந்தச் சுழல் நம் வீடுகளில் எப்போது ஆரம்பிக்கிறது என்று பெற்றோரிடம் கேட்டால், ஆச்சரியமாக, நிறையப் பேர் சொல்வது இந்தியப் பயணத்தை. யோசித்தால் ஆச்சரியமே இல்லை. ஒற்றைப்படை வயதில் மொட்டை என்பது கணக்கு. ஒரு வயதில் போக முடியாதவர்கள் மூன்று வயதில் கூட்டிப்போகிறார்கள். கழிப்பறைப் பழக்கம் பிடிபடும் அதே வயது. இருபது மணி நேர விமானம், தூக்கம் தலைகீழ், வெயில், புது ஊர், புது முகங்கள். சித்தூரில் தாத்தா வீட்டில் இரண்டு நாள், அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் திருப்பதி, மலையேறிக் கல்யாணகட்டாவில் அழ அழ மொட்டை, பிறகு வைகுண்டம் வரிசை வளாகத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பு. "இப்ப வேண்டாம் கண்ணு, கொஞ்சம் அடக்கிக்கோ" என்று பிள்ளைக்கு அடக்கக் கற்றுக்கொடுப்பது நாம்தான். மூன்று வாரம் கழித்து நியூ ஜெர்சியில் "ஏன் அடக்கறே?" என்று கேட்பதும் நாம்தான். வேண்டுதலைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பயணத்துக்கு முன்னால் டாக்டரிடம் பேசி, மருந்தைப் பெட்டியில் வையுங்கள். தாத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் விடுமுறை நமக்குத்தான், மருந்துக்கு இல்லை.

அடக்குவது எங்கள் ஊரில் புதிதும் இல்லை. சித்தூரில் நான் படித்த பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி ஒரு டீச்சரிடம். அவரிடம் கேட்பதைவிட அடக்குவது சுலபம். காலையில் தண்ணீர் குடிக்காமல் போவோம். 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவிட்டது. பிறகு பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிய பள்ளிக் கழிப்பறைகளைத் தணிக்கையாளர் ஆராய்ந்து 2020-ல் அறிக்கை தந்தார். ஆராய்ந்தவற்றில் 72 சதவீதத்தில் குழாய்த் தண்ணீர் இல்லை. ஆந்திராவில் 2019-ல் தொடங்கிய நாடு–நேடு திட்டத்தில் பள்ளிக் கழிப்பறைகளையும் சீராக்கினார்கள். 2020 ஜனவரியில் எங்கள் சித்தூரில் தொடங்கிய அம்ம ஒடி உதவித்தொகையில், அடுத்த ஆண்டு தாய்மாருக்குப் போகும் 15,000 ரூபாயில் 1,000 ரூபாயைப் பள்ளிக் கழிப்பறைப் பராமரிப்புக்கென்று பிடித்தார்கள். கட்டினால் போதாது, கழுவ ஆள் வேண்டும் என்று அரசுக்கே உறைத்ததில் எனக்குச் சந்தோஷம். அமெரிக்கப் பள்ளிகளில் தண்ணீர் வருகிறது. ஆனால் இடைவெளி விட்ட கதவும், 'இப்போதுதானே போனாய்' என்று கேட்கும் ஆசிரியரும் இங்கேயும் உண்டு. உங்கள் பிள்ளை பள்ளியில் போகிறதா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

சரி, என்ன செய்யலாம்?

1. முதலில் அடைப்பு நீங்க வேண்டும், பிறகு பராமரிப்பு. இரண்டுக்கும் அளவு வேறு. டாக்டர் சொன்னது எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. காலைச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு ஐந்து பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும்.

3. காலுக்கு அடியில் ஒரு முக்காலி. நம்மூரில் குந்தி உட்கார்ந்தால் முட்டி இடுப்புக்கு மேலே இருக்கும், பாதை நேராகும். வெஸ்டர்னில் காலைத் தொங்கவிட்ட பிள்ளை எதை ஊன்றி முக்கும்?

4. உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள், வந்ததற்கு அல்ல. உள்ளாடை அழுக்கானால் பேசாமல் மாற்றிவிடுங்கள்.

5. காலண்டரில் குறித்து வையுங்கள். "எப்பவாவது போவான்" என்பது டாக்டருக்கு உதவாது.

6. இவை இருந்தால் பவுடரோடு நிற்காதீர்கள், உடனே டாக்டர்: பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாதது, முதல் மாதத்திலேயே ஆரம்பித்த மலச்சிக்கல், வயிறு உப்பலோடு வாந்தி, வளர்ச்சிக் குறைவு, கால் பலவீனம், கீழ்முதுகில் முடிக்கொத்து அல்லது குழி. சுமார் ஐயாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடலின் கடைசிப் பகுதியில் அந்த நரம்பணுக்களே இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. நரம்புக்குப் பயப்பட வேண்டிய இடம் இது.

கடைசியாக, ஊரிலிருந்து போன் வரும்போது என்ன சொல்வது? நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: "அம்மா, ஆறு மாசத்துக்கு டாக்டர் எழுதியிருக்கார். நடுவுல நிறுத்தினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம்." கவுரவமாக, சண்டையில்லாமல் முடிந்துவிடும். பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இன்னும் சின்னது: "இது உன் தப்பு இல்லை." எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது, சீட்டும் வேண்டாம். இன்று ராத்திரியே சொல்லுங்கள்.

பி.கு.: இனி கவுண்டரில் யாரும் கிசுகிசுக்க வேண்டாம். எனக்கும் வயசாகிறது, காது சரியாகக் கேட்பதில்லை. உரக்கவே கேளுங்கள் :-)